ஸ்பீக்கர் மாற்றியும் கரகரப்பு போகவில்லை: அடுத்து ஆம்ப்ளிஃபயரா?

ஆம்ப்ளிஃபயரைத்தான் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிக்கு வலுவூட்டும் தனிப் பெட்டி) வாங்க வேண்டும்; காரில் போன மாதம் போட்ட கதவு ஸ்பீக்கர்களை மறுபடியும் மாற்றுவது வீண் செலவு. திருவாரூர் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒலியைக் கூட்டும்போது மட்டுமே கரகரக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் 50 வாட் என்று அச்சிட்டிருப்பது உச்சக் கணக்கு. வண்டி ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஏட்டுக் கணக்கிலேயே சுமார் 26 வாட்டுக்கு மேல் சுத்தமான ஒலி கிடைக்காது. நடைமுறையில் 15 முதல் 20 வாட் வந்தாலே பெரிது. அதற்கு மேல் கூட்டினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டு, நீங்கள் கேட்கும் அந்தக் கரகரப்பாகிறது.

வாங்குமுன் ஒரு சோதனை: பாஸ் (தாழ்ந்த, 'தும் தும்' ஒலி) அளவை நன்றாகக் குறைத்து, அதே பாட்டை அதே ஒலியளவில் கேளுங்கள். கரகரப்பு மறைந்தால் ஸ்டீரியோ திணறுகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. கதவுத் தகடு அதிர்ந்தாலும் பாஸைக் குறைத்ததும் சத்தம் நிற்கலாம் என்பதால், பாஸைக் குறைக்குமுன் தகடு அதிர்கிறதா என்று கைவைத்தும் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும்போது, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாமல் கம்பி இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் எர்த் இணைப்பு (கம்பியை வண்டியின் உலோக உடலோடு சேர்க்கும் இடம்) விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், பெயின்டைச் சுரண்டி வெற்றுத் தகட்டில் இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.