கைடு கண்டுகொள்ளவில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்று மாதங்களாக என் கைடு மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவதில்லை. நேரில் போய் நின்றால் "செஞ்சுட்டே இருங்க, பார்க்கலாம்" என்கிறார். கைடை மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாற்றுவதற்கான விதிகள் இடத்துக்கு இடம் வேறு. துறை அலுவலகத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் விஷயத்தை விடுங்கள். பேராசிரியர்கள் பலர் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. கைடைப் பற்றி எல்லாம் இருக்கிறது. நீங்கள் எதை ஆராய்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. வேதியியலா, வரலாறா? கைடை முதலில் கடவுளாக்கிவிடுகிறோம், அப்புறம் தரிசனம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம்.

ஜோஸலின் பெல் கேம்பிரிட்ஜில் வானியல் ஆய்வு மாணவியாக இருந்தது 1967இல். ரேடியோ தொலைநோக்கி நாளொன்றுக்கு ஏறக்குறைய முப்பது மீட்டர் வரைபடத் தாளைக் கக்கும். அத்தனையையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதில் ஒரு சின்னக் கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. வானத்தின் அதே பகுதியில் முன்பும் பார்த்த ஞாபகம். விடவில்லை. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவுசெய்தபோது, ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒருமுறை துடிப்பு. கைடு ஆண்டனி ஹியூவிஷை போனில் கூப்பிட்டுச் சொன்னார். "மனிதர்கள் உண்டாக்கியதாகத்தான் இருக்கும்" என்பதுதான் ஹியூவிஷின் முதல் பதில். ஆனால் மறுநாள் தொலைநோக்கிக்கே வந்துவிட்டார், துடிப்பைத் தன் கண்ணால் பார்த்தார். பல்சார், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன், இப்படித்தான் கிடைத்தது. (1974இல் நோபல் ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

சொல்ல வந்தது இதுதான். பெல் "அடுத்து என்ன செய்யட்டும் சார்?" என்று வாசலில் நிற்கவில்லை. கையில் ஒன்றை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

என் கைடும் அதிகம் பேசாதவர். வெறுங்கையோடு போனால் மழை வருமா என்று கேட்டு அனுப்பிவிடுவார். இரண்டு பக்கம் எழுதி மேசையில் வைத்தால் பென்சிலை எடுப்பார். ஒருமுறை ஒரே பக்கத்தில் இருந்த மூன்று 'ஆகவே'க்களையும் வட்டமிட்டு, ஓரத்தில் 'எப்படி?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். என் இரண்டாம் அத்தியாயமே அந்தக் கேள்விக்கான பதில்தான். எழுதிக் கொடுக்காத எதையும் எந்த கைடாலும் திருத்த முடியாது. உங்கள் தலைக்குள் இருப்பதை அவர் எப்படி வாசிப்பார்?

உங்கள் தனிமை எனக்குப் புரியாமல் இல்லை. அந்த இரண்டாம் வருட இருட்டு எல்லோருக்கும் உண்டு. உங்களை அவமானப்படுத்துகிறார், உங்கள் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறார் என்றால் இன்றைக்கே விலகுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. அதனால் அடுத்த வாரம் இரண்டு பக்கம் எழுதுங்கள்: இதுவரை செய்தது, மாட்டிக்கொண்ட இடம், அங்கிருந்து போக உங்களுக்குத் தெரியும் இரண்டு வழிகள். எந்த வழி என்று மட்டும் கேளுங்கள். அச்செடுத்துக் கையில் கொடுங்கள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கப்புறமும் அந்தத் தாள்கள் அவர் மேசையில் தூசி படிந்து கிடந்தால், குற்றவுணர்ச்சி இல்லாமல் வேறு ஆளைப் பாருங்கள்.