வண்டிக்குள் கருவிகளை இணைத்ததற்கே காப்புரிமை கிடைக்குமா?

ஏற்கெனவே தனித்தனியாக இருந்த உணரியையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் வண்டிக்குள் ஒரே தரவுத்தடத்தில் (கருவிகள் தங்களுக்குள் செய்திகளைப் பரிமாறும் பொதுவான தடம்) இணைத்ததற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இணைத்தது மட்டுமே என்றால், பெரும்பாலும் கிடைக்காது. அங்குள்ள காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, அத்துறையில் சாதாரணத் திறன் உள்ளவருக்கு அது எளிதில் புலப்பட்டிருக்குமா என்று பார்க்கிறது. 2007இல் கேஎஸ்ஆர் – டெலிஃபிளெக்ஸ் வழக்கில், முன்பின் நகர்த்தக்கூடிய ஆக்ஸிலரேட்டர் மிதியின் அசையாத சுழல்முனையில் மின்னணு உணரியைப் பொருத்தியது அப்படிப்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேன் (CAN) எனும் அத்தகைய தரவுத்தடத்தை பாஷ் நிறுவனம் 1986இலேயே அறிமுகப்படுத்திவிட்டதால், வெறும் இணைப்பைக் கோரும் விண்ணப்பம் இன்று நிற்பது கடினம் என்பதே என் கணிப்பு. தடத்தில் நெரிசல் ஏற்படும்போது பிரேக் செய்தி தாமதமாவதை எவரும் எதிர்பாராத வழியில் தீர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்போது வழக்கு முழுவதும், அந்தக் கருவிகளை ஏற்கெனவே விவரித்திருந்த பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்க அன்றைய பொறியாளருக்கு என்ன காரணம் இருந்தது என்ற கேள்வியையே சுற்றும்.