காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது: ஆல்டர்னேட்டரா, பேட்டரியா?

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். பேட்டரிக்கு நாலரை வயது, தினமும் பள்ளிக்கும் கடைக்கும் 2 கிலோமீட்டர் ஓட்டம்தான், மல்லுக்கட்டுவது காலையில் மட்டும் என்கிறீர்கள். முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் ஐந்து நிமிட ஓட்டத்தில் முழுதாகத் திரும்பி ஏறாது, அதுவும் ஏசியும் ஹெட்லைட்டும் போட்டிருந்தால். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் தாங்காது. சென்னை வெயில் வேறு. இங்கே நான்கு வருடம் உழைத்ததே பெரிய விஷயம்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியின் வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பாதிதான் என்றால் உடனே புதிது வாங்காமல், சார்ஜரில் ஒரு இரவு போட்டு எடுங்கள். அதன் பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதைச் சுத்தம் செய்தாலே சில சமயம் விஷயம் முடிந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். ஆனால் சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சிக்னலில் தானாக அணையும் வண்டி என்றால், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும்.