கே.ஆர்.பி. அணையில் சுனாமி வருமா?

கேள்வி: நமக்குக் கடல் இல்லை, கிருஷ்ணகிரி பக்கம் தென்பெண்ணையில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது. நிலம் நடுங்கினால் அணைத் தண்ணீர் சுனாமி மாதிரி எழும்பாதா?
- காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: அணைக்குள் அப்படி ஓர் அலை எழுந்தது உண்டு, ஆனால் நிலநடுக்கத்தால் அல்ல. இத்தாலியின் வையோன்ட் அணையில், 1963 அக்டோபர் 9 இரவு, பக்கத்து மலையிலிருந்து சுமார் 26 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் ஒரே மூச்சில் நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தன. தண்ணீர் அணையைத் தாண்டி எகிறிப்போய், கீழே இருந்த லோங்கரோனே ஊரை வழித்துக்கொண்டு போனது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அணைச்சுவர் மட்டும் உடையவில்லை, இன்றும் நிற்கிறது! நீர்மட்டம் ஏற ஏறப் பாறைகளுக்கு நடுவே இருந்த களிமண் அடுக்கு ஊறிப் பிடிப்பு விட்டதுதான் காரணம். 1960-லேயே ஒரு சிறு சரிவு வந்து எச்சரித்திருந்தது.

அதற்கு ஆழமான, குறுகலான பள்ளத்தாக்கு வேண்டும். வையோன்ட் அணையின் உயரம் 260 மீட்டருக்கு மேல். கே.ஆர்.பி.யின் முழு மட்டமே 52 அடி, அதுவும் பரந்து கிடக்கும் தண்ணீர். நிலநடுக்கம் வந்தால் இடுப்புக் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பலாம், அவ்வளவுதான். 1755-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரி அப்படித்தான் தளும்பியது. தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது மழைக்காலத்தில் மதகு திறக்கும் அறிவிப்புக்கு.

கேள்வி: கடல் சுனாமி தருமபுரி வரை வருமா?
- பென்னாகரம் வாசகி

பதில்: வராது. நாம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். 1958-ல் அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் தண்ணீர் 524 மீட்டர் ஏறியது உண்மைதான். ஆனால் அது மலை சரிந்து விழுந்து, எதிர்ச் சரிவில் தெறித்த உயரம்.

கேள்வி: 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் 8.6 ரிக்டர் என்றார்கள். 2004 மாதிரி ஏன் ஆகவில்லை?
- பாலக்கோடு வாசகர்

பதில்: (இவ்வளவு பெரிய நடுக்கத்தை இப்போது ரிக்டரில் அளப்பதில்லை, பத்திரிகைகள்தான் அந்தப் பெயரை விடுவதாயில்லை.) தொட்டிக்குள் கையை விட்டு, உள்ளங்கையால் தண்ணீரை மேலே தூக்கிப் பாருங்கள், பிறகு கையைத் தரையோடு தரையாக நகர்த்திப் பாருங்கள். முதலாவது 2004 டிசம்பர் 26: 9.1 அளவு நடுக்கத்தில் கடலடி பல மீட்டர் எழும்பியது. இரண்டாவது 2012 ஏப்ரல் 11: கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, தண்ணீரைத் தூக்கவில்லை.

கேள்வி: குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறோம். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், அவ்வளவுதானே?
- அரூர் வாசகி

பதில்: உள்வாங்கினால் ஓடுங்கள், உள்வாங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2004-ல் தாய்லாந்துப் பக்கம் கடலடி தாழ்ந்ததால் அங்கே முதலில் கடல் பின்வாங்கியது. நம் பக்கம் கடலடி எழும்பியதால் முதலில் வந்ததே ஏற்றம்தான். சுமத்ரா நடுக்கம் நம் கரையில் எல்லோருக்கும் உறைக்காது. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) 2007 முதல் தரும் சுனாமி எச்சரிக்கைதான் கை கொடுக்கும். செல்போனை அணைத்து வைக்க வேண்டாம்.

நடுக்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை, 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்பகுதி தயங்க, பின்பகுதி வந்து ஏற, உயரம் கூடும். குறைந்த அந்த வேகத்தையே மணலில் ஓடி ஜெயிக்க முடியாது. எச்சரிக்கை வந்தால் மூன்று கிலோமீட்டர் உள்ளே போங்கள். நேரமில்லையென்றால் உறுதியான காங்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி. வேனை எடுத்து நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆற்று முகத்துவாரம், பாலம் பக்கம் போகவே கூடாது. அலை ஆற்றுவழியே உள்ளே ஏறும்.

முதல் அலை வடிந்ததும் பையை எடுக்கத் திரும்பாதீர்கள். 1964-ல் கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் முதல் அலைகள் ஓய்ந்ததும் கடைகளைச் சுத்தம் செய்யத் திரும்பினார்கள். நான்காவது அலைதான் பெரியது. இரண்டு அலைக்கு நடுவே ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.