மாப்பிள்ளையின் படகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் மீன்பிடிப் போட்டிகளில் பேர் எடுத்த ஹிப்டன் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மாப்பிள்ளைதான் அனுப்பிவைத்தார். மகள் அங்கே மிசூரி மாநிலத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மென்பொருள் வேலை. ஐந்து நாள் கணினி, சனிக்கிழமை ஆனால் ஏரி. போன வருஷம் கடன் போட்டுப் படகு வாங்கிவிட்டார். இப்போது உள்ளூர் மீன்பிடிப் போட்டிகளுக்கும் போகிறார். மகள் முணுமுணுக்கிறாள். நான் கேட்டால், "அந்தக் குடும்பத்தைப் பாருங்கள் அத்தை, மூன்று தலைமுறை தூண்டிலோடுதான் ஒன்றாக இருந்திருக்கிறது" என்கிறார். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தாலாவது குழம்பு வைக்கலாம். எடை போட்டுவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாராம். இதற்கா இவ்வளவு செலவு? இந்தப் பைத்தியமும் குடும்பமும் ஒன்றாக நடக்குமா? அந்த மீனைச் சாப்பிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ச., பாளையங்கோட்டை

*

அன்புள்ள அம்மா,

குழம்பைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஹிப்டன்.

மாப்பிள்ளை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கீடோ ஹிப்டன் 1988-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக்கை வென்றார். பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் அமெரிக்கப் போட்டிகளில் அதுதான் பெரிய பட்டம். 1990, 1991 இரண்டு வருஷமும் ஆண்டின் சிறந்த தூண்டில்காரர் என்ற விருதும் அவருக்கே. 1997-இல் அலபாமாவின் லோகன் மார்ட்டின் ஏரியில் அவர் மகன் டியான் அதே கிளாசிக்கை வென்றார். அப்பாவும் மகனும் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் முறை. பேரப்பிள்ளைகளும் போட்டிக்கு வந்தார்கள். கீடோ 2018-இல் காலமானார்.

ஆனால் மாப்பிள்ளை ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். கீடோவுக்குத் தொழிலே மீன்பிடிதான். உங்கள் மகள் இருக்கும் அதே மிசூரியில், ஓசேஜ் ஆற்றில் அணை கட்டியதால் 1931-இல் உருவான ஓசார்க்ஸ் ஏரி இருக்கிறது. அங்கே மீன் பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய் இடம் காட்டுவது அவர் பிழைப்பு. நன்னீர்ச் சிங்கிறால் மாதிரி அவர் வடிவமைத்த ரப்பர் இரை ஒன்று அவர் பெயரிலேயே கடைக்கு வந்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் தூண்டிலோடு வளர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை தனியாகப் படகை இழுத்துக்கொண்டு போகிறவர் அந்தக் குடும்பத்தைச் சாட்சிக்கு அழைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அவருக்குப் பொருத்தமான உதாரணம் வேறொருவர்: ரிக் க்ளன். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். 1970-களில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தூண்டிலைத் தூக்கினார். கிளாசிக்கை நான்கு முறை வென்றார். 2019-இல் தன் 72-ஆவது வயதில் ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் மறுபடியும் ஒரு பெரிய போட்டியை வென்றார். தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் மாப்பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

க்ளன் மாதிரி ஒருவர் வெளியே தெரிந்தால், வேலையை விட்டுக் கடனில் மாட்டியவர்கள் எத்தனையோ பேர் தெரியாமல் போயிருக்கிறார்கள். இன்று கிளாசிக்கில் முதல் பரிசு 3 லட்சம் டாலர். புதிதாக ஒரு போட்டிப் படகும் எஞ்சினும் எடுத்தால் 1 லட்சம் டாலரைத் தொட்டுவிடும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், விடுதி வாடகை எல்லாம் கைக்காசு. விளம்பரதாரர் கிடைத்தால்தான் மூச்சு விட முடியும். டோக்கியோவிலிருந்து 1992-இல் வந்த தகாஹிரோ ஓமோரி பல காலம் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார். 2004-இல்தான் அவருக்குக் கிளாசிக் கிடைத்தது. தனி ஆள், தாக்குப்பிடித்தார். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தின் கணக்கை வேறொருவர்தான் தீர்த்திருப்பார்.

அடுத்து, எடை போட்டுவிட்டு ஏன் விடுகிறார்கள் என்று கேட்டீர்கள். இந்தப் போட்டிகளைத் தொடங்கியவர் ரே ஸ்காட் என்ற இன்சூரன்ஸ் முகவர். 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஆளுக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு 106 பேரை இறக்கினார். அந்தக் காலத்தில் பிடித்த மீனெல்லாம் செத்துத்தான் கரைக்கு வரும். இப்படியே போனால் ஏரியில் மீனும் மிஞ்சாது, ஊரில் நல்ல பெயரும் மிஞ்சாது என்று அவருக்குப் புரிந்தது. 1972-இல் "பிடித்ததைக் கொல்லாதே" என்று ஆரம்பித்தார். இப்போது படகிலேயே காற்றோட்டத்தோடு தொட்டி உண்டு. ஒருவர் கணக்கில் ஐந்து மீன்தான். ஆறாவதாகப் பெரியது மாட்டினால் இருப்பதில் சின்னதை விட்டுவிட வேண்டும். எடை மேடைக்குச் செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழித்துவிடுவார்கள். அதனால் பகல் முழுக்க அந்த ஐந்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த அக்கறையில் பாதி வீட்டில் இருந்தால் போதும் என்று உங்கள் மகள் சொல்லக்கூடும்.

அடுத்த முறை வீடியோ அழைப்பில் வரும்போது மாப்பிள்ளையின் கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்கள். பாஸ் மீனுக்குக் கூரிய பல் கிடையாது. வாய்க்குள் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். நாலு நல்ல மீன் மாட்டிய நாளில் விரலின் தோல் உரிந்து சிவந்திருக்கும். விரல் வழவழவென்று இருந்தால், ஏரிக்குத்தான் போனாரா என்று விசாரிக்கலாம்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. கீடோ மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில் பேர் போனவர். வசந்தத்தில் ஆண் பாஸ் ஆழமில்லாத கரையோரத்தில் வாலால் குழி பறித்துக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான். அந்த நேரத்தில் அது பசிக்காகக் கடிப்பதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் விரட்டத்தான் வாயைத் திறக்கிறது. தூண்டில்காரருக்கு அது போதும். அப்பன் மீனைத் தூக்கிவிட்டால், திரும்பி வருவதற்குள் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுவிடும். எடை மேடை பல மைல் தள்ளி இருந்தால் அது திரும்பி வருவதும் சந்தேகம். விட்டுவிட்டோம், பாவமில்லை என்று சொல்வது இந்த ஒரு பருவத்தில் எனக்குச் செரிப்பதில்லை. பழகியவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது.

சரி, பைத்தியமும் குடும்பமும் ஒன்றாக நடக்குமா? படகில் இன்னொரு இருக்கை இருக்கிறதே, அதில் யார் உட்காருகிறார் என்று பாருங்கள். ஓக்லஹோமாவின் ஜிம்மி ஹூஸ்டன் இரண்டு முறை ஆண்டின் சிறந்தவர் விருது வாங்கியவர். அவர் மனைவி கிறிஸ், பெண்களுக்கென்று 1976-இல் தொடங்கிய போட்டித் தொடரில் ஏழு முறை அதே விருதை வாங்கினார். ஸ்காட்டின் போட்டிகளில் 1991 வரை பெண்களுக்கு இடமே கிடையாது. அந்த வருஷம் முதலில் இறங்கிய வோஜாய் ரீட், 1986 கிளாசிக் வென்ற சார்லி ரீடின் மனைவி. அந்தப் போட்டி நடந்ததும் உங்கள் மகள் இருக்கும் மிசூரியில்தான்.

மகளுக்குத் தூண்டில் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்கும் என்றால் வழி சுலபம். பிடிக்காது என்றால் அவளை வம்பாகப் படகில் ஏற்ற வேண்டாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஏரிக்கு, இரண்டு வீட்டுக்கு என்று பேசி முடிக்கட்டும். படகுக் கடனின் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளட்டும். அத்தையாக நீங்கள் நடுவில் போகாமல் இருப்பது உத்தமம்.

இனி குழம்பு. தாராளமாகச் சாப்பிடலாம். ஜார்ஜியாவில் 1932-இல் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 10 கிலோ. உலக சாதனை. அதை எடை போட்டு எழுதிக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்துத் தின்றுவிட்டார்கள். பொருளாதார மந்தக் காலம், வேறென்ன செய்வார்கள்? போட்டி நாளில் பிடித்ததைக் கேட்காதீர்கள், விதி இடம் கொடுக்காது. மற்ற நாளில் உரிமமும் அந்த ஏரியின் நீள வரம்பும் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு எடுத்து வரச் சொல்லலாம். ரொம்பப் பெரியது வேண்டாம், வயதான பாஸில் பாதரசம் சேர்ந்திருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சதை, முள் குறைவு, ருசி சப்பென்று இருக்கும். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைக்கச் சொல்லுங்கள்.