அத்தானின் டூட்டியும் அக்காவின் காயமும்

அன்புள்ள ஐயா,
அத்தான் முதல்நிலைக் காவலர். திருவிழா பந்தோபஸ்து முடிந்து வரும் நாட்களில் அக்காவை அடிக்கிறார். தூக்கமில்லை, வார ஓய்வு கிடைப்பதில்லை, மேலதிகாரியின் ஏச்சு வேறு. மனநல ஆலோசனைக்குக் கூட்டிப்போனால் சரியாகிவிடுமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வார ஓய்வு அரசாணை 2021-லேயே வந்தது. பந்தோபஸ்து என்றதும் அது காணாமல் போவது அநியாயம். ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அத்தானின் தூக்கம்தான் இருக்கிறது. அக்காவுக்கு எங்கே அடிபட்டது, டாக்டரிடம் காட்டினீர்களா? அதற்கு ஒரு வரி இல்லை. ஆலோசனைக்கு அவர் போகட்டும், தனியாக. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். அங்கே அக்கா வாய்திறந்தால் வீட்டில் அடி விழும்.

ஸ்டேஷனில் பேசி முடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விடுங்கள். மனு உள்ளே போன கையோடு அத்தானுக்கு போன் போய்விடும். மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தராமல், இருவரையும் உட்காரவைத்து 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். நாளை அத்தானின் வக்கீல் கோர்ட்டில் நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஸ்டேஷன் படியேறாமலே வழி இருக்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை அறிக்கையாகப் பதிந்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. மாஜிஸ்திரேட்டிடம் நிவாரணம் கேட்கும் பிரிவு 12 மனுவை அக்கா தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே, அம்மா வீடானாலும், போடலாம். அத்தானின் ஸ்டேஷன் எல்லைக்குள் போக வேண்டியதில்லை. கோர்ட் நோட்டீஸை அத்தானிடம் சேர்ப்பிப்பதும் (சார்வு செய்வது) பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு. 'ஸ்டேஷன் மூலம் அனுப்புகிறோம்' என்றால் பிரிவு 13-ஐக் காட்டிக் கேளுங்கள். இதில் அசந்தால் நோட்டீஸ் அவருடைய சகாக்கள் கையில் தூங்கும்.

மனுவோடு பிரமாணப் பத்திரம் வைத்து, பிரிவு 23-இல் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். அத்தானின் வேலை போய்விடுமே என்று அக்கா பயந்தால் சொல்லுங்கள்: அந்த உத்தரவு தண்டனை அல்ல. அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இருக்கிறதென்று தயங்க வேண்டாம். அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ கேட்கப் பிரிவு 19 இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'வழுக்கி விழுந்தேன்' என்று அக்கா சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. யார், எதனால், எந்த நேரத்தில் அடித்தார் என்று சொல்லிப் பதியச் செய்து நகல் வாங்குங்கள். இரவில் நிலைமை முற்றினால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.