மலைக்கு ஏற்ற கனவுக் கணினி: கேள்வி பதில்

குன்னூரிலிருந்து ஒருவர்: காசைப் பற்றிக் கவலை இல்லை என்றால் எப்படிப்பட்ட கணினியைச் செய்யச் சொல்வீர்கள் அண்ணா?

ஒரே ஸ்க்ரூடிரைவரில் முழுசாகத் திறக்கிற மாதிரி. வேகமெல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கே பெரிய பழுது என்றால் மலை இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டியிருக்கிறது. ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, போர்டோடு சாலிடர் செய்துவிட்டால், ஒரு சில்லு போனாலும் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். ராம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பேட்டரி, ஃபேன், கீபோர்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாட்ட முடிய வேண்டும். நடக்காத ஆசை இல்லை இது. ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் இப்படித்தான் லேப்டாப் விற்கிறது.

ஊட்டியிலிருந்து ஒரு மாணவி: இவ்வளவு உயரத்தில் இருப்பது கணினியைப் பாதிக்குமா சார்?

கொஞ்சம்தான். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கும் அதைப் படித்து எழுதும் தலைக்கும் நடுவே இருப்பது காற்றுப் படலம்; காற்று மெலிந்தால் தலை தட்டில் உரசிவிடும். பொதுவாக 3,000 மீட்டர் வரை தாங்கும்படி செய்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240, தொட்டபெட்டா உச்சியே 2,637. பயம் வேண்டாம்மா. விண்வெளிக் கதிர்வீச்சு மலையில் சற்றுக் கூடுதல். அது எப்போதாவது ராமில் ஒரு பிட்டைப் புரட்டிவிடலாம், அதாவது 0-வை 1 ஆகவோ 1-ஐ 0 ஆகவோ மாற்றிவிடலாம். அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ராம் சர்வர்களில் சாதாரணம். வீட்டுக் கணினியிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அக்கா: ஜூலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. லேப்டாப்பை பீரோவில் பூட்டி வைத்தால் நல்லதுதானே?

வேண்டாம் அக்கா. ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதில்தான் செம்பு முனைகள் பச்சை பூக்கும். குளிரில் பையில் தூக்கி வந்த லேப்டாப்பை அடுப்பெரியும் அறையில் உடனே திறக்காதீர்கள். சில்லிட்ட உலோகத்தில் நீர் முத்து முத்தாகப் படியும். பை மூடியபடியே கிடந்து சூடு சமமாகட்டும். கனவுக் கணினியில் போர்டு முழுக்க ஈரம் புகாத மெல்லிய பூச்சு இருக்கும். வாகன எலக்ட்ரானிக்ஸில் இதைப் பூசுகிறார்கள், நமக்கும் தரலாமே.

கூடலூரிலிருந்து ஒருவர்: காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் கணக்கு ஃபைல் கெட்டுப்போகிறது. இதற்கு ஓஎஸ் (இயங்குதளம்) என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். பழைய தகவலின் மேலேயே எழுதினால் பாதியில் கரண்ட் போகும்போது இரண்டும் கெட்டுப்போகலாம். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணும் வைத்திருப்பதால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். என் கனவு ஓஎஸ்ஸில் இது கேட்காமலே இருக்கும். சேமிக்காததை எதுவும் காப்பாற்றாது, யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. பழைய பாமினி எழுத்துரு ஃபைல்களும் ஏராளம். என்ன செய்யட்டும்?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள் ஐயா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, அவ்வளவுதான். ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி மாட்டி டெபியன் என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ்ஸைப் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். பாமினியை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தாக்க இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. நல்ல ஓஎஸ் என்றால் அந்த ஃபைலைத் திறந்தவுடனே அடையாளம் கண்டு, மாற்றட்டுமா என்று தானே கேட்க வேண்டும்.